ஒரே மேசை, வேறு கூலி

2008 அக்டோபர் 13, திங்கட்கிழமை. அமெரிக்காவில் அன்று கொலம்பஸ் தினம், வங்கிகளுக்கு விடுமுறை. லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி திவாலாகிச் சரியாக நான்கு வாரம். அடுத்து விழப்போவது மார்கன் ஸ்டான்லிதான் என்று நியூயார்க் முழுக்கப் பேச்சு. அதைத் தாங்கிப் பிடிக்க ஜப்பானின் மிட்சுபிஷி யு.எஃப்.ஜே. வங்கி 900 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருந்தது. விடுமுறை நாளில் அவ்வளவு பணத்தை வங்கி வழியாக அனுப்ப முடியாது. நாளை வரை காத்திருக்கவும் முடியாது. அதனால் காசோலையாகவே எழுதிவிட்டார்கள். ஒற்றைத் தாளில் 900 கோடி டாலர்! மார்கன் ஸ்டான்லி சார்பில் அதைப் பெற்றுக்கொள்ள விடுமுறையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தவர் ராபர்ட் கிண்ட்லர். காசோலை கைமாறிய இடம் வாக்டெல் லிப்டன் என்ற சட்ட நிறுவனத்தின் அலுவலகம்.

சட்ட அலுவலகம் கிண்ட்லருக்குப் புதிதல்ல. 2000-ஆம் ஆண்டு வரை அவர் கிராவத் நிறுவனத்தின் பங்குதாரர். நியூயார்க்கில் கார்ப்பரேட் சட்டம் படித்தவர்கள் வேலை கிடைக்காதா என்று ஏங்கும் நிறுவனம் அது. ஒருமுறை பங்குதாரர் ஆகிவிட்டால் ஓய்வு பெறும்வரை யாரும் வெளியேறுவதில்லை என்பது அங்கே நெடுங்கால வழக்கமாக இருந்தது. அந்த நாற்காலியை விட்டுவிட்டுத்தான் அவர் சேஸ் வங்கிக்குப் போனார். பிறகு 2006-இல் மார்கன் ஸ்டான்லிக்கு.

அவர் தனியாள் அல்ல. கோல்ட்மேன் சாக்ஸை 1990 முதல் கூட்டாகத் தலைமை தாங்கிய ராபர்ட் ரூபின், ஸ்டீபன் ஃப்ரீட்மன் இருவருமே வழக்கறிஞர்கள். இருவரும் அந்த வங்கிக்குள் நுழைந்ததும் ஒரே ஆண்டில், 1966-இல். 2006 முதல் 2018 வரை அதே வங்கியை நடத்திய லாய்டு பிளாங்க்ஃபைன், ஹார்வர்டில் சட்டம் படித்து வரிச் சட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர். மார்கன் ஸ்டான்லியை 2010 முதல் நடத்தி அதன் முகத்தையே மாற்றிய ஜேம்ஸ் கோர்மன், மெல்பர்னில் சட்டம் படித்து வக்கீலாகத் தொடங்கியவர். பட்டியலை இன்னும் நீட்டலாம்.

மும்பையின் பெரிய சட்ட நிறுவனங்களில் மூன்று நான்கு ஆண்டுகள் கழித்த இளைஞர்களைக் கேளுங்கள். பாதிப் பேருக்காவது இந்த ஆசை ஒருமுறை வந்து போயிருக்கும். நிறுவனங்கள் வாங்கப்படுகின்றன, விற்கப்படுகின்றன. அந்த மேசையில் இவர்களும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் வங்கிக்காரர்தான் விலையைப் பேசுகிறார். இவர்கள் பேசி முடித்த விலையைப் பத்திரமாக எழுதுகிறார்கள். 'நாமும் அந்தப் பக்கம் போனால் என்ன?' என்று தோன்றாமல் இருந்தால்தான் வியப்பு.

போகலாம், தப்பில்லை. ஆனால் இந்தத் தாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எக்செல் பற்றியும் போனஸ் பற்றியும் வேலை நேரம் பற்றியும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அவற்றைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இரண்டு தொழிலிலும் கூலி எப்போது கிடைக்கிறது என்பது. அந்த ஒரு வேறுபாடு மனிதரை உள்ளுக்குள் மாற்றக்கூடியது.

கதவைத் திறந்த ஆண்டு

முதலில், வால் ஸ்ட்ரீட்டுக்கு வக்கீல்கள் எப்படித் தேவைப்பட்டார்கள் என்று பார்ப்போம். 1975 மே 1 வரை அமெரிக்காவில் பங்குத் தரகுக்கு நிலையான கட்டணம். எல்லோரும் ஒரே கட்டணம் வாங்கலாம், போட்டி இல்லை, சொகுசான பிழைப்பு. அன்றோடு அந்த ஏற்பாடு ஒழிந்தது. தரகு வருமானம் சரிந்தது. வேறு வருமானம் தேட வேண்டிய கட்டாயம் வங்கிகளுக்கு.

அதற்கு முந்தைய ஆண்டே ஒரு வழி திறந்திருந்தது. 1974-இல் கனடாவின் இன்கோ நிறுவனம், இ.எஸ்.பி. என்ற பேட்டரி நிறுவனத்தை அதன் நிர்வாகம் விரும்பாதபோதே வாங்கப் புறப்பட்டது. அந்தக் காரியத்துக்குத் துணை நின்றது, அதுவரை இப்படிப்பட்ட சண்டைகளைத் தீண்டாத மார்கன் ஸ்டான்லி. ஒரு பெரிய வங்கி துணிந்ததும் மற்றவையும் துணிந்தன. விரும்பாத நிறுவனத்தை வாங்குவது என்றால் பாதிப் போர் நீதிமன்றத்தில். எந்த மாநிலத்தில் வழக்குப் போடுவது, எத்தனை நாள் அவகாசம், இயக்குநர் குழு எதைச் சொல்லி மறுக்கலாம் என்பதெல்லாம் சட்டக் கேள்விகள். எண் மட்டும் தெரிந்தவருக்கு அந்த மேசையில் பாதிதான் புரியும்.

அந்த இடைவெளிக்குள் நுழைந்தவர்தான் புரூஸ் வாசர்ஸ்டீன். புரூக்ளின்காரர். பத்தொன்பது வயதில் மிச்சிகன் பல்கலைக்கழகப் பட்டம்; பிறகு ஹார்வர்டில் சட்டமும் வணிக மேலாண்மையும் சேர்த்துப் படித்து 1971-இல் முடித்தார். கிராவத்தில் இளம் வக்கீல். ஒரு நிறுவன விற்பனையில் அவர் வேலை செய்த விதத்தை எதிரே இருந்து கவனித்தவர், ஃபர்ஸ்ட் பாஸ்டன் வங்கியில் இணைப்பு, கையகப்படுத்தல் பிரிவைக் கட்டிக்கொண்டிருந்த ஜோசப் பெரெல்லா. பெரெல்லா கணக்காளராகத் தொழிலைத் தொடங்கியவர். 1977-இல் வாசர்ஸ்டீனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு கணக்காளரும் ஒரு வக்கீலும் சேர்ந்த அந்தக் கூட்டணி, பத்தாண்டுக்குள் அந்தப் பிரிவை அமெரிக்காவின் முன்வரிசைக்குக் கொண்டுபோய்விட்டது. 1988-இல் இருவரும் வெளியேறி வாசர்ஸ்டீன் பெரெல்லா என்று சொந்தக் கடை போட்டார்கள். அந்த ஆண்டே ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோ நிறுவனத்தை கே.கே.ஆர். என்ற முதலீட்டு நிறுவனம் 2,500 கோடி டாலருக்கு வாங்கியபோது, ஆலோசகர்களில் அவர்களும் இருந்தார்கள்.

வாசர்ஸ்டீனின் பலம் எது? நிறுவனத்தை வாங்குவதைச் சட்டப் பிரச்சினை, பணப் பிரச்சினை என்று பிரித்துப் பார்க்காமல் ஒரே ஆட்டமாகப் பார்த்தார். இரு கட்டமாகப் பங்குகளை வாங்குவது, முந்தி விற்றவருக்கு ஒரு விலை, பிந்தியவருக்கு வேறு விலை என்று வைப்பது போன்ற உத்திகள் எல்லாம் சட்டத்தின் சந்துபொந்துகள் தெரிந்தவருக்குத்தான் தோன்றும். ஆனால் அதே வாசர்ஸ்டீனுக்குப் பத்திரிகைகள் ஒரு பட்டப்பெயரும் வைத்தன: 'விலையை ஏற்றிவிடும் புரூஸ்'. வாடிக்கையாளரை இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே என்று ஏற்றிக்கொண்டே போவார் என்று பொருள். அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. கனடாவின் ராபர்ட் காம்போ, அவருடைய ஆலோசனையோடு 1988-இல் ஃபெடரேட்டட் என்ற பல்பொருள் அங்காடிக் குழுமத்தை 660 கோடி டாலருக்கு வாங்கினார். 1990 ஜனவரியில் அது திவால். அங்கே வேலை செய்த ஆயிரக்கணக்கானோரின் கதி பற்றி, ஒப்பந்தம் நடந்த அறையில் யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஹூஸ்டனில் ஒரு தீர்ப்பு

சட்டமும் பணமும் உரசிக்கொள்ளும் இடத்தைப் புரிந்துகொள்ள எந்த ஒரு வழக்கைப் படித்தால் போதும் என்று யாராவது கேட்டால், பென்சாயில் - டெக்சாகோ வழக்கைத்தான் சொல்வேன். சட்டம் விட்டு வங்கிக்குப் போக நினைக்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது.

1984 ஜனவரி. கெட்டி ஆயில் என்ற எண்ணெய் நிறுவனத்தின் பெரிய பங்குகள் இரண்டு இடத்தில் இருந்தன: குடும்ப அறக்கட்டளையிடம் சுமார் 40 சதவீதம், கெட்டி அருங்காட்சியகத்திடம் சுமார் 12 சதவீதம். இருவரோடும் பேசி, பங்குக்கு 110 டாலரும் பின்னால் ஒரு சிறு தொகையும் தருவதாக பென்சாயில் நிறுவனம் ஒரு புரிதலுக்கு வந்தது. கெட்டி ஆயிலின் இயக்குநர் குழு வாக்கெடுத்து ஏற்றது. 'கொள்கை அளவில் உடன்பாடு' என்று பத்திரிகைக்குச் செய்தியும் கொடுத்தார்கள். இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகவில்லை. வக்கீல்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்த இடைவெளியில் டெக்சாகோ என்ற இன்னொரு எண்ணெய் நிறுவனம் நுழைந்தது. ஆலோசகர் ஃபர்ஸ்ட் பாஸ்டன். முன்னால் நின்றவர் வாசர்ஸ்டீன். முடிவில் பங்குக்கு 128 டாலர். கெட்டி ஆயில் டெக்சாகோவின் கைக்குப் போனது. பங்குதாரருக்குக் கூடுதல் பணம். வங்கிக்குக் கட்டணம். எல்லோருக்கும் நல்லது என்றுதான் தோன்றியது, பென்சாயிலைத் தவிர.

பென்சாயில் வழக்குப் போட்டது. 'கையெழுத்து இல்லாவிட்டாலும் உடன்பாடு உடன்பாடுதான்; தெரிந்தே அதை உடைத்தீர்கள்' என்பது குற்றச்சாட்டு. 1985 நவம்பரில் ஹூஸ்டன் ஜூரி தந்த தீர்ப்பு: டெக்சாகோ 1,053 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும். கெட்டி ஆயிலை வாங்கக் கொடுத்ததே ஏறக்குறைய அவ்வளவுதான்! 1987 ஏப்ரலில் டெக்சாகோ திவால் பாதுகாப்புக்குப் போனது. கடைசியில் 300 கோடி டாலரில் சமரசம்.

ஜூரியை அசைத்த சான்றுகளில் இரண்டு, இந்தத் தொழிலுக்குள் வருகிற எவரும் மறக்கக் கூடாதவை. ஒன்று, பென்சாயில் கையெழுத்தை எப்படித் தடுப்பது என்று பேசிய கூட்டத்தில் டெக்சாகோ அலுவலர் எடுத்த கைக்குறிப்புகள். இரண்டாவது இன்னும் நுட்பமானது. பங்குகளை டெக்சாகோவுக்கு விற்றபோது அருங்காட்சியகமும் அறக்கட்டளையும் ஒரு பாதுகாப்பைக் கேட்டு வாங்கியிருந்தன: 'பென்சாயில் எங்கள் மேல் வழக்குப் போட்டால் இழப்பை நீங்கள் ஏற்க வேண்டும்.' வக்கீலின் கண்ணுக்கு அது இயல்பான முன்னெச்சரிக்கை. ஜூரியின் கண்ணுக்கு அது, அங்கே ஒப்பந்தம் ஒன்று ஏற்கெனவே இருந்தது டெக்சாகோவுக்குத் தெரியும் என்பதற்கான சாட்சி.

இதை வக்கீலாகப் படித்தால் 'உடன்பாடு எப்போது ஒப்பந்தமாகிறது' என்ற பாடம் கிடைக்கும். வங்கிக்காரராகப் படித்தால் வேறு கேள்வி எழ வேண்டும்: அந்தப் பாதுகாப்பைக் கொடுத்தபோது, அதன் விலை என்ன என்று யாராவது கணக்கிட்டார்களா? வழக்கு வந்து தோற்க வாய்ப்பு நூற்றுக்குப் பத்து என்று வைத்திருந்தாலும் நூறு கோடி டாலருக்கு மேல் அந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு. அதைக் கூட்டியிருந்தால் 128 டாலர் சரியான விலையா?

இரண்டு தொழிலும் தெரிந்தவரால் மட்டுமே கேட்க முடிந்த கேள்வி அது. வக்கீல் வங்கிக்குள் வருவதன் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது.

'இருக்கலாம்' என்பது எத்தனை சதவீதம்?

முன்பு சொன்ன ராபர்ட் ரூபின், கிளியரி காட்லீப் என்ற சட்ட நிறுவனத்தில் இரண்டே ஆண்டுகள்தான் இருந்தார். கோல்ட்மேனில் அவரைப் போட்ட இடம் ஆர்பிட்ராஜ் பிரிவு. நிறுவன இணைப்பு அறிவிக்கப்பட்ட பிறகு அந்தப் பங்கில் பந்தயம் கட்டும் வேலை. அதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு பங்கை 60 ரூபாய்க்கு வாங்குவதாக ஒருவர் அறிவித்திருக்கிறார். சந்தையில் இப்போது 54-இல் இருக்கிறது. பேச்சு முறிந்தால் 40-க்கு விழும். அப்படியென்றால் சந்தை என்ன நினைக்கிறது? நூற்றுக்கு 70 பங்கு வாய்ப்பு என்று. நடக்கும் என்பதற்கு 85 பங்கு வாய்ப்பு என்று உங்களுக்குத் தோன்றினால் வாங்க வேண்டும். 60 என்று தோன்றினால் தொடக் கூடாது.

அந்த 70-ஐயும் 85-ஐயும் பிரிப்பது எது? போட்டிச் சட்ட ஆணையம் அனுமதி தருமா, பங்குதாரர் வாக்கெடுப்பு தேறுமா, ஒப்பந்தத்திலிருந்து நழுவ வாங்குபவருக்கு ஓட்டை இருக்கிறதா என்பவை. எல்லாம் சட்டக் கேள்விகள். ஆனால் சட்டக் கல்லூரி அவற்றுக்குக் கற்றுத்தரும் பதில் வேறு. 'ஒருபுறம் இப்படி வாதிடலாம், மறுபுறம் அப்படியும் வாதிடலாம். அபாயம் இல்லாமல் இல்லை.' அபாயத்தைக் கண்டுபிடிப்பதோடு வக்கீலின் கடமை முடிந்துவிடுகிறது. வங்கியில் அங்கேதான் தொடங்குகிறது. ரூபின் பிற்காலத்தில் எழுதிய நினைவு நூல் முழுக்கவும் இந்த ஒன்றையே சுற்றிவருகிறது: உறுதி என்று எதுவும் இல்லை, வாய்ப்புகளை எடைபோட்டு முடிவெடு.

அபாயத்தைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும் பழக்கத்தை மாற்றுவதுதான் தாவுகிறவர்களுக்கு மிகக் கடினம் என்று நினைக்கிறேன். எக்செல் மூன்று மாதத்தில் வந்துவிடும். வரவுசெலவு அறிக்கை, இருப்புநிலைக் குறிப்பு, பணப்புழக்க அறிக்கை மூன்றும் ஒன்றோடொன்று எப்படிக் கோத்துக்கொள்கின்றன என்பதை ஆறு மாதத்தில் கற்றுவிடலாம். நிறுவனத்தின் மொத்த மதிப்பு 1,000 கோடி, கடன் 300 கோடி என்றால் பங்குதாரருக்கு 700 கோடிதான் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. நடைமுறை மூலதனத்தைச் சரிக்கட்டும் ஷரத்தை ஐம்பது ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார் இளம் வக்கீல். அதன் கீழே ஒரு நாளாவது எண்ணைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். போட்டுப் பார்த்தால் அன்றே புரிந்துவிடும். ஆனால் 'தெரியாது, ஆனாலும் ஒரு எண்ணைச் சொல்கிறேன், அதற்கு நானே பொறுப்பு' என்று சொல்ல மனம் பழக ஆண்டுகள் ஆகும்.

பிளாங்க்ஃபைனின் கதை இதற்குக் கொஞ்சம் விலகியது. ஆனாலும் சொல்ல வேண்டும். புரூக்ளினின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர், அப்பா தபால் துறை ஊழியர். வக்கீல் வேலையை விட்டு வங்கிக்குப் போக நினைத்து விண்ணப்பித்தபோது கோல்ட்மேன் சாக்ஸ் அவரை வேண்டாம் என்றது. ஜே. ஆரன் என்ற சரக்குவணிக நிறுவனத்தில் தங்கம் விற்கும் வேலைதான் கிடைத்தது. அந்த நிறுவனத்தை கோல்ட்மேன் 1981-இல் வாங்கியிருந்தது. பின்வாசல் வழியே நுழைந்தவர் கால் நூற்றாண்டில் தலைமை நாற்காலியில். நேர்வழி அடைபட்டவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

கூலி எப்போது வருகிறது?

கூலிக்கு முன், அந்தக் கூலிக்காகச் செய்யும் வேலை ஒன்றைப் பார்ப்போம். 1985 ஜனவரியில் அமெரிக்காவின் டெலவேர் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. டிரான்ஸ் யூனியன் என்ற நிறுவனத்தை, 1980-இல், பங்குக்கு 55 டாலருக்கு விற்க அதன் இயக்குநர்கள் சம்மதித்திருந்தார்கள். சந்தை விலை அப்போது 40 டாலருக்கும் கீழே. நல்ல விலைதானே? ஆனால் அந்த 55 எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. தலைவர் இருபது நிமிடம் வாய்மொழியாக விளக்கினார். இரண்டு மணி நேரத்தில் கூட்டம் முடிந்தது. இயக்குநர்கள் கடும் அலட்சியம் காட்டினார்கள் என்றது நீதிமன்றம். வழக்கு 2.35 கோடி டாலரில் சமரசமானது.

அதற்குப் பிறகு பட்டியலிட்ட அமெரிக்க நிறுவனம் பெரும்பாலும் வங்கியிடமிருந்து 'இந்த விலை நியாயமானது' என்ற கருத்துரை வாங்காமல் தன்னை விற்கத் துணியவில்லை. நீதிமன்றம் ஒரு தீர்ப்பால் வங்கிகளுக்கு ஒரு தொழிலையே உண்டாக்கித் தந்தது. வக்கீல் வங்கிக்காரரானால், அவர் கையெழுத்திடப்போகும் தாள்களில் மிக எடையுள்ளது அந்தக் கருத்துரை.

இப்போது கூலிக்கு வருவோம். பெரிய சட்ட நிறுவனத்தின் வக்கீல் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார். அமெரிக்காவில் ஆண்டுக்கு 1,900, 2,000 மணி நேரம் கணக்கில் ஏற வேண்டும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. ஒப்பந்தம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்த மணிகளுக்குப் பில் உண்டு. 'இதைச் செய்யாதீர்கள்' என்று வக்கீல் சொன்னால் அவருக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. வங்கிக்காரருக்கோ கட்டணத்தின் பெரும்பகுதி, ஒப்பந்தம் முடிந்து பணம் கைமாறும் நாளில்தான். முடியாவிட்டால் எட்டு மாத இரவுகள் வீண். அவர் 'செய்யாதீர்கள்' என்று சொல்லும்போது தன் கூலியைத் தானே கிழித்துப் போடுகிறார்.

நம் நாட்டில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது, கிடைப்பதில் பங்கு கேட்கக் கூடாது என்கிறது இந்திய பார் கவுன்சிலின் ஒழுக்க விதி. முடிவோடு கூலியைக் கட்டினால் ஆலோசனை கெட்டுவிடும் என்ற பழைய பயம் அதற்குள் இருக்கிறது. அந்தப் பயத்தோடு பழக்கப்பட்டவர், முடிவோடு கூலி கட்டப்பட்ட தொழிலுக்குள் நடந்து போகிறார். இதைத் தாவுகிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

பயம் பொய்யில்லை என்பதற்கு ரூரல் மெட்ரோ வழக்கே சான்று. அரிசோனாவின் ஆம்புலன்ஸ் நிறுவனம் அது. தன்னை விற்க ஆர்.பி.சி. வங்கியை ஆலோசகராக வைத்தது. 2011-இல் வார்பர்க் பிங்கஸ் என்ற முதலீட்டு நிறுவனம் அதைப் பங்குக்கு 17.25 டாலருக்கு வாங்கியது. விற்பவருக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டே, வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் வேலையையும் பிடிக்க அந்த வங்கி பின்னால் முயன்றுகொண்டிருந்தது. அதில் கிடைக்கும் கட்டணம் ஆலோசனைக் கட்டணத்தைவிடப் பெரியது. நள்ளிரவை ஒட்டிக் கூட்டிய இயக்குநர் கூட்டத்துக்குச் சற்று முன்புதான் மதிப்பீட்டுத் தாள்களே இயக்குநர்கள் கைக்குப் போயின. விலை நியாயமாகத் தெரியும்படி கணக்குகள் தாழ்த்தப்பட்டிருந்தன என்று டெலவேர் நீதிமன்றம் கண்டது. 2014-இல் அந்த வங்கி 7.58 கோடி டாலர் கட்ட வேண்டும் என்ற உத்தரவு; மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அது நின்றது.

அந்த இரவில், அந்த வங்கிக் குழுவில், சட்டம் படித்த இளைஞர் ஒருவர் இருந்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்? தாளைப் பார்த்ததும் அவருக்கு உறைத்திருக்கும். சொன்னால் மேலதிகாரியின் ஆண்டு போனஸ் போகலாம், தன்னுடையதும்தான். என் கருத்தில் வக்கீல் வங்கிக்குள் எடுத்துப்போகக் கூடிய மிகப் பெரிய சொத்து, வேண்டியபோது 'இது கூடாது' என்று சொல்லும் பழக்கம். அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவர், எக்செல் தெரிந்த இன்னொரு ஆள். அவ்வளவுதான்.

இங்கே என்ன நிலை?

இந்தியாவில் இந்த வேலைக்கு அதிகாரபூர்வப் பெயர் மெர்ச்சன்ட் பேங்கர். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 1992-ஆம் ஆண்டு விதிகளைப் புரட்டிப் பாருங்கள். பதிவு கேட்கும் நிறுவனத்துக்கு நிதி, சட்டம் அல்லது வணிக மேலாண்மையில் தொழில்தகுதி இருக்க வேண்டும் என்கின்றன. சட்டம் அந்த வரியிலேயே இருக்கிறது. ஆனாலும் நடைமுறையில் நாற்காலிகளை நிரப்புகிறவர்கள் பட்டயக் கணக்காளர்களும் ஐ.ஐ.எம். பட்டதாரிகளும்தான். வக்கீல்கள் ஆங்காங்கே.

இத்தனைக்கும், நம் சட்டமே விலைக் கணக்கால் நிரம்பியிருக்கிறது. பட்டியலிட்ட நிறுவனத்தில் 25 சதவீதப் பங்கைத் தொட்டால், பொதுப் பங்குதாரர்களிடம் இன்னும் குறைந்தது 26 சதவீதத்தை வாங்க முன்வர வேண்டும் என்கிறது 2011-ஆம் ஆண்டு கையகப்படுத்தல் விதி. சி. அச்சுதன் தலைமையிலான குழு நூறு சதவீதத்துக்கும் முன்வர வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. செபி 26-இல் நின்றது. 25-உம் 26-உம் சேர்ந்தால் 51. கட்டுப்பாடு கைக்கு வந்துவிடும். அந்த ஓபன் ஆஃபரை நடத்த மெர்ச்சன்ட் பேங்கரை நியமித்தே ஆக வேண்டும். என்ன விலை? ஒப்பந்தத்தில் பேசிய விலை, முந்தைய 52 வாரத்தில் வாங்கியவர் கொடுத்த சராசரி, 26 வாரத்தில் கொடுத்த உச்ச விலை, அடிக்கடி கைமாறும் பங்கென்றால் 60 வர்த்தக நாட்களின் சந்தைச் சராசரி ஆகியவற்றில் எது அதிகமோ அது. இந்த விதியை வக்கீல் மனப்பாடமாகச் சொல்வார். எண்ணைப் போட்டு, எந்தத் தேதியில் அறிவித்தால் எவ்வளவு மாறும் என்று பார்ப்பவர் வங்கிக்காரர். ஒருவரே இரண்டையும் செய்தால் வாடிக்கையாளருக்கு ஒரு வாரம் மிச்சம்.

புதிய பங்கு வெளியீட்டிலும் அப்படியே. செபிக்குப் போகும் வரைவு ஆவணத்தின் பக்கங்களை இரவிரவாக எழுதுகிறவர்கள் இளம் வக்கீல்கள். அதில் சொன்னதெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்று சான்றிதழ் தந்து பொறுப்பேற்பது மெர்ச்சன்ட் பேங்கர். எந்த வரி பின்னால் கழுத்தைப் பிடிக்கும் என்பது எழுதியவருக்கே நன்றாகத் தெரியும். பங்கு வெளியீட்டுப் பிரிவுதான் நம் வக்கீல்களுக்கு எளிதாகத் திறக்கும் கதவு என்று நான் கருதுவது இதனால்தான்.

பி.காம். எல்எல்.பி. படிப்பு திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திலும், சென்னை டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியிலும் இருக்கிறது. அந்த மாணவர்களுக்குக் கணக்கியல் அடித்தளம் உண்டு. மற்றவர்களுக்கு வழக்கமான வழி, மும்பை நிறுவனத்தில் சில ஆண்டு டீல் வேலை, பிறகு ஹைதராபாத் ஐ.எஸ்.பி.யிலோ ஐ.ஐ.எம்.களிலோ எம்.பி.ஏ. சி.எஃப்.ஏ. தேர்வுகளை வேலையோடு எழுதுகிறவர்களும் உண்டு. என்.ஐ.எஸ்.எம். நடத்தும் மெர்ச்சன்ட் பேங்கிங் சான்றிதழ்த் தேர்வு வேறு. அமெரிக்காவில் என்றால் சீரிஸ் 79 தேர்வு.

வக்கீல் தொழில் செய்யும் உரிமமான சன்னதை மறக்க வேண்டாம். முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் வக்கீல் தொழில் செய்யக் கூடாது. மாநில பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். டாக்டர் தொழிலையும் வக்கீல் தொழிலையும் ஒருசேர நடத்த விரும்பியவரின் வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் அது கூடாது என்றது. வேலையை விட்டபின் மறுபடி தொழிலைத் தொடங்கலாம் என்பது ஆறுதல். தெரிவிக்காமல் இரண்டு படகில் கால் வைத்தவர்கள் பின்னால் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பணமும் நேரமும் பற்றிச் சுருக்கமாக. நியூயார்க்கின் பெரிய சட்ட நிறுவனங்களில் முதலாண்டு வக்கீலின் அடிப்படைச் சம்பளம் 2023 இறுதியில் ஆண்டுக்கு 2,25,000 டாலர் ஆனது. நான்கு ஆண்டு அனுபவத்தோடு வங்கிக்குப் போகிறவரை அங்கே முதலாண்டு, இரண்டாம் ஆண்டு அசோசியேட்டாகத்தான் வைப்பார்கள். ஆக, தாவிய ஓரிரு ஆண்டுகளில் கைக்கு வருவது கூடாமல் போகலாம், குறையவும் செய்யலாம். மேலே போகப்போகத்தான் இடைவெளி பெரிதாகிறது. 2021-இல் கோல்ட்மேனின் முதலாண்டு ஊழியர்கள் 13 பேர் தங்களுக்குள் எடுத்த கணக்கில், வாரத்துக்கு 95 மணி நேர வேலை வந்தது. 2024-இல் ஜே.பி. மார்கன் பெரும்பாலான சமயங்களில் இளநிலை ஊழியருக்கு வாரம் 80 மணி என்று உச்சவரம்பு வைத்தது. உச்சவரம்பே 80! சட்ட நிறுவன இரவுகளிலிருந்து தப்பிக்க வங்கிக்குப் போகிறேன் என்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒன்றை மறுக்கவும் முடியாது: வக்கீலின் இரவு, அடுத்தவர் எடுத்த முடிவுக்காகக் காத்திருக்கும் இரவு, வங்கியில் சில சமயம் அந்த முடிவே உங்கள் அறையில் பிறக்கும். அதற்காகத் தூக்கத்தைக் கொடுக்க ஒப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது எதிர்ப்பக்கமும் ஆட்கள் போகிறார்கள். கிண்ட்லரே 2023-இல் சட்டத் தொழிலுக்குத் திரும்பினார், பால் வைஸ் சட்ட நிறுவனத்தின் இணைப்பு, கையகப்படுத்தல் பிரிவின் தலைவராக. அமெரிக்கப் பெரிய சட்ட நிறுவனங்கள் இன்று தங்கள் முன்வரிசைப் பங்குதாரருக்கு வங்கிகளோடு போட்டிபோட்டுப் பணம் கொடுக்கின்றன. ஒருவழிப் பாதையாக இருந்தது இருவழியாகிவிட்டது.

நேர்காணலுக்குப் போகும் இளம் வக்கீலுக்கு ஒரு யோசனை. 'ஏன் சட்டத்தை விடுகிறீர்கள்?' என்று கட்டாயம் கேட்பார்கள். சட்டம் சலித்துவிட்டது என்று சொல்லாதீர்கள். வங்கியிலும் சலிக்கும் வேலை நிறைய உண்டு என்பது கேட்பவருக்குத் தெரியும். நீங்கள் வேலை செய்த ஒரு ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு, அதன் விலை எப்படி வந்தது, நீங்கள் எழுதிய எந்த ஷரத்து அந்த விலையை எத்தனை கோடி அசைத்தது என்று ஐந்து நிமிடம் பேசுங்கள். வாடிக்கையாளர் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். அந்த ரகசியம் சன்னதை நிறுத்திவைத்த பிறகும் உங்களைக் கட்டுப்படுத்தும். பிறகு உங்கள் முறை வரும்போது குழுத் தலைவரிடம் கேளுங்கள்: கடந்த ஓரிரு ஆண்டுகளில் எந்த வாடிக்கையாளரிடமாவது 'இதை வாங்காதீர்கள்' என்று சொல்லிக் கட்டணத்தை விட்டதுண்டா? பெயர் வேண்டாம், நடந்த விதம் போதும். உண்டு என்று விவரமாகச் சொல்பவரிடம் சேரலாம். சேருவதற்கு முன், எந்த ஆண்டு அசோசியேட்டாக எடுக்கிறார்கள், முதல் ஆண்டு போனஸில் உறுதியான பகுதி எவ்வளவு என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.